சூட்டில் உறையும் மருந்துக் கூழ்

மார்கழிக் காலையில் ஊட்டி வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாது. அடுப்போரம் வைத்தால்தான் இளகும். இதற்கு நேர்மாறாக, குளிரில் நீர்போல ஓடி, உடலின் 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் கெட்டிப்படும் பாலிமர் (சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோலக் கோத்து உருவான நீண்ட மூலக்கூறு) கரைசல்களும் உண்டு. புரத மருந்தைத் தோலுக்கடியில் தேக்கி, நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ கசியவிட அவை உதவுகின்றன.

இன்சுலின் போன்ற புரதங்களை விழுங்கினால் செரிமான நொதிகள் சிதைத்துவிடும். ரத்தத்தில் கலந்த இன்சுலினிலோ சில நிமிடங்களிலேயே பாதி மறைந்துவிடும். அதனால்தான் இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை நோயாளி, தேயிலை பறிக்கப் போகும் முன் தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது சிறிய உதவியன்று.

இவ்வகைப் பாலிமர்களுள் ஒன்றின் சங்கிலியில் நடுப்பகுதி நீரை விரும்பும் பாலிஎத்திலீன் கிளைக்கால். இரு முனைகளும் நீரை வெறுக்கும், லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாலான துண்டுகள். குளிர்ந்த நீரில் முனைகள் உள்ளே ஒடுங்க, நீர்விரும்பும் பகுதி வெளியே சூழ, நுண்ணிய உருண்டைகள் உருவாகித் தனித்தனியே மிதக்கின்றன. சூடு ஏறும்போது சங்கிலிகளைச் சுற்றி ஒழுங்காக அணிவகுத்திருந்த நீர் மூலக்கூறுகள் பிடியை விட்டு விலகுவதால், உருண்டைகள் ஒன்றையொன்று பற்றி வலைபோலப் பின்னிக்கொண்டு கூழாகின்றன. முட்டை வெள்ளைக்கருவும் சூட்டில்தான் உறைகிறது, ஆனால் அது திரும்பாது. இந்தக் கூழோ குளிர்ந்தால் மறுபடியும் ஓடத் தொடங்கும்.

எந்தச் சூட்டில் உறைய வேண்டும் என்பதைச் சங்கிலித் துண்டுகளின் நீளத்தை மாற்றி அமைக்கலாம். குன்னூர்க் குளிரில் தடையின்றி ஊசியில் ஏறும் கரைசல், மலையிறங்கி மேட்டுப்பாளையம் போனதும் கோடை வெயிலில் ஊசிக்குழலுக்குள்ளேயே கெட்டிப்பட்டால் பயனில்லை. உறையும் சூடு 37 டிகிரியைத் தாண்டினாலோ உடலுக்குள் கூழே உண்டாகாது. இடைப்பட்ட இந்தக் குறுகிய இடைவெளியைச் சரியாகப் பிடிப்பதிலேயே பாதித் திறமை இருக்கிறது என்பேன். குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தால் கரைசல் ஓடும் நிலையிலேயே இருக்கும், புரதமும் கெடாது. ஆனால் பனிக்கட்டியாக உறையவிட்டால் புரதம் பழுதாகிவிடும்.

உடலுக்குள் போன கூழிலிருந்து புரதம் மெல்லப் பரவி வெளியேறுகிறது. கூழும் நீரால் சிறிது சிறிதாக அறுபட்டு, உடல் தானே அகற்றக்கூடிய அமிலங்களாகக் கரைகிறது. இடர்ப்பாடும் அங்கேயே தொடங்குகிறது: தேங்கும் அமிலம், உள்ளே காத்திருக்கும் புரதத்தின் மடிந்த வடிவத்தைக் குலைக்கக்கூடும். மேலும், முதல் நாளிலேயே பெருமளவு மருந்து வெளியேறிவிட்டால், இன்சுலினைப் பொறுத்தவரை ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். இதைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று துத்தநாகம் சேர்ப்பது; அப்போது இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகத் திரண்டு, கூழின் வலைக்குள் மெதுவாகவே நகர்கின்றன.