டிவிடி டிரைவ் இல்லாத லேப்டாப்பில் ஓஎஸ் ஏறுவது எப்படி?

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட் வீடுகளில் செகண்ட்ஹேண்ட் லேப்டாப் நிறையப் பார்க்கலாம். கேரளப் பள்ளிகளில் கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸை வைத்து உருவாக்கிய லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடம் நடக்கிறது, அதனால் வீட்டிலும் அதுவே வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். லேப்டாப்பில் டிவிடி டிரைவே இருக்காது, இருந்தாலும் லென்ஸ் மங்கிப்போய்க் கிடக்கும். சரி, பென்டிரைவ் இருக்கிறதே என்று டவுன்லோடு செய்த ஐஎஸ்ஓ ஃபைலை (ஓஎஸ் சிடி முழுவதும் ஒரே ஃபைலாக அடங்கியது) அதில் காப்பி செய்து செருகிவிட்டு, "அண்ணே, எல்லாம் போட்டாச்சு, ஆனா கண்டுக்கவே மாட்டேங்குது" என்று கடைக்கு வந்து நிற்பார்கள்.

கண்டுகொள்ளாததற்குக் காரணம் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள சிறு சிப்பிலிருந்து ஒரு புரோகிராம் ஓடத் தொடங்குகிறது. பழைய மெஷினில் அது பயாஸ். அதற்கு ஃபைல், ஃபோல்டர் எதுவும் தெரியாது. டிஸ்கின் முதல் 512 பைட்டை எடுக்கும், கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் அந்த 512 பைட்டில் உள்ள கட்டளைகளை அப்படியே ஓட்டும். அந்த அடையாளத்துக்கு 2 பைட், பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) பட்டியலுக்கு 64 பைட் போக, கட்டளைக்கு மிஞ்சுவது 446 பைட்தான். அந்தத் துளி இடத்தில் இருப்பவர் அடுத்த ஆளான பூட்லோடரை எழுப்புவார், அவர் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலை ராமுக்குள் இழுத்து வருவார். நீங்கள் காப்பி செய்த ஐஎஸ்ஓவோ டிரைவின் நடுவில் எங்கோ ஒரு சாதாரண ஃபைலாகக் கிடக்கிறது. பயாஸ் தேடும் இடத்தில் ஓஎஸ்ஸைக் கிளப்பும் கட்டளை எதுவுமே இல்லை.

சிடிக்குத் தனி வழி. 1995ல் வந்த எல் டொரிட்டோ என்ற விதிப்படி, 2048 பைட் கொண்ட செக்டார்களில் 17ஆம் எண்ணில் பூட் குறிப்பு, அதாவது ஓஎஸ்ஸைக் கிளப்புவதற்கான குறிப்பு இருக்கும். பென்டிரைவை ஹார்ட் டிஸ்க் போலப் பார்க்கும் பயாஸ் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. ஆகவே லினக்ஸ்காரர்கள் ஒரு கெட்டிக்கார வேலை செய்தார்கள்: ஐஎஸ்ஓவின் தொடக்கப் பகுதியை சிடி விதி பயன்படுத்தாமல் காலியாக விட்டிருந்ததால், அங்கேயே ஹார்ட் டிஸ்க் பாணி பூட் செக்டாரையும் வைத்துவிட்டார்கள். ஒரே ஃபைல், சிடியிலும் ஓடும், பென்டிரைவிலும் ஓடும். ஆனால் அதை முதல் பைட்டிலிருந்து அப்படியே பென்டிரைவில் எழுத வேண்டும். பலேனா எட்சர் என்ற சாஃப்ட்வேர் செய்வது இதைத்தான், ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேரிலும் டிடி முறையைத் தேர்ந்தெடுத்தால் இதுவே நடக்கும். லினக்ஸில் டிடி கட்டளையும் உண்டு, டிரைவ் பெயரை மாற்றி அடித்தால் வீட்டுக் கல்யாண போட்டோவெல்லாம் போய்விடும், பார்த்து.

கொஞ்சம் புதிய லேப்டாப்பில் பயாஸுக்குப் பதிலாக இருக்கும் யூஈஎஃப்ஐக்கு ஃபைல் படிக்கத் தெரியும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பார்ட்டிஷனில் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல் இருந்தால் போதும், எடுத்து ஓட்டிவிடும். கேட்க சுலபமாக இருக்கிறது, ஆனால் ஃபேட்32ல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. விண்டோஸின் இன்ஸ்டால் ஃபைல் பல சமயம் அதைத் தாண்டிவிடும். அதனால்தான் ரூஃபஸ் விண்டோஸுக்கு பெரிய ஃபைலைத் தாங்கும் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் போட்டு, அதைப் படிக்கத் தெரிந்த சின்ன டிரைவரை வேறொரு குட்டிப் பார்ட்டிஷனில் ஒளித்து வைக்கிறது.

மிச்சமெல்லாம் சின்ன வேலை. ஆன் செய்ததும் எஃப்12ஐத் தட்டினால் பெரும்பாலும் பூட் மெனு வரும், ஹெச்பியில் எஃப்9. கெர்னல் ராமில் ஏறியதும் இன்ஸ்டாலர் டிஸ்கைப் பிரித்து, ஃபைல்களை விரித்து, கடைசியில் பூட்லோடரை டிஸ்கில் எழுதும். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி செத்த லேப்டாப் என்றால் அந்த வேலைக்கு யூபிஎஸ் உள்ள இடம் தேடுவதே நல்லது, பாதியில் நின்றால் பழைய ஓஎஸ்ஸும் இருக்காது, புதியதும் இருக்காது.

யுஎஸ்பியிலிருந்தே கிளம்பாத மெஷினும் உண்டு. அதற்கு நெட்வொர்க் கேபிள் வழியாக ஓஎஸ்ஸைக் கிளப்பும் பிஎக்ஸ்ஈ முறை: லேப்டாப் நெட்வொர்க்கில் உள்ள சர்வரிடம் தனக்கொரு முகவரி கேட்கும், பதிலோடு எந்த ஃபைலை எங்கே எடுப்பது என்றும் சொல்லி அனுப்பப்படும். கம்ப்யூட்டர் லேபில் முப்பது மெஷினுக்கு ஒரே நாளில் போட வேண்டுமென்றால் இதுதான் வழி, ஒரு லேப்டாப்புக்காக இதை அமைப்பது வீண் சிரமம்.

இன்னொன்று, லினக்ஸ் எழுதிய 16 ஜிபி பென்டிரைவை விண்டோஸில் செருகினால் சில எம்பி மட்டும் காட்டி ஃபார்மட் செய்யச் சொல்லும். டிரைவ் கெட்டுப்போகவில்லை, லினக்ஸ் பார்ட்டிஷன் விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் கட்டளையில் சரியான டிஸ்க் எண்ணைத் தேர்ந்தெடுத்து கிளீன் கொடுத்து, புதிதாகப் பார்ட்டிஷன் போட்டால் 16ம் திரும்பி வரும்.