ரூட்டர்: தச்சுப்பட்டறையில் திசைவிக்கு என்ன வேலை?

‘ரூட்டர்’ என்பதற்குத் தமிழ் தேடினால் ‘திசைவி’ என்று வரும். வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் பெட்டிக்கு அது பொருத்தமான சொல்தான். தரவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்தப் பெட்டி திசை காட்டுகிறது. ஆனால் சேலத்துக் கதவுப் பட்டறைகளில் காதைப் பிளந்துகொண்டு ஓடும் இன்னொரு ரூட்டரும் இருக்கிறது. நிலைக்கால் ஓரத்தில் வளைவு எடுக்க, சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) ஓட்ட, பலகை முகத்தில் பூ வேலைக்குக் குழி எடுக்க என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் தூக்குவார்கள். “அண்ணே, ஓரத்துக்கு ரூட்டர் போட்டுட்டா எடுப்பா இருக்குமுங்க” என்று பட்டறைக்காரர் சொல்வதை அகராதி பார்த்துப் பெயர்த்தால், கதவோரத்தில் திசைவியை மாட்டச் சொல்கிறார் என்றாகிவிடும். தேக்குப் பலகைக்கு அது எந்தத் திசையையும் காட்டுவதில்லை.

கருவியை முதலில் பார்ப்போம். செங்குத்தாக நிற்கும் ஒரு மோட்டார், அதன் அடியில் தட்டையான ஒரு தட்டு, தட்டின் நடுவே ஓட்டை வழியாக வெளியே நீளும் ஒரு வெட்டும் அலகு. பட்டறை வழக்கில் ‘பிட்டு’. துளைபோடும் டிரில்லின் அலகு நுனியால் மட்டும் மரத்துக்குள் இறங்கும். இதன் அலகு பக்கவாட்டிலும் வெட்டும். எல்லா வித்தையும் அதில்தான் இருக்கிறது. அலகின் உருவம் எதுவோ, அதன் மறுவுருவம் மரத்தில் பதியும். நேரான அலகு போட்டால் காடி, உருண்டை அலகு போட்டால் பள்ளம், வளைந்த அலகு போட்டால் அலங்கார விளிம்பு. நுனியில் சிறு பேரிங் உள்ள அலகு ஒரு மாதிரிப்பலகையை ஒட்டி ஓடி, அதே வடிவத்தை எத்தனை பலகையிலும் எடுத்துத் தரும்.

பெரும்பாலான கை ரூட்டர்கள் நிமிடத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று வரை ஓடும். எல்லா அலகையும் ஒரே வேகத்தில் ஓட்டக்கூடாது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலகு 24,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு வினாடிக்கு சுமார் 15 மீட்டர் வேகத்தில் போகிறது. கதவுப் பலகைக்குச் சரிவு எடுக்கும் 80 மில்லிமீட்டர் அலகை அதே சுற்றில் விட்டால் விளிம்பின் வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தொட்டுவிடும். அதை 10,000 சுற்றுக்கு இறக்கி, சக்திவாய்ந்த இயந்திரத்தில், மேசையில் பொருத்தித்தான் ஓட்ட வேண்டும். இயந்திரத்தின் பிடிக்குள் செருகும் அலகுத் தண்டின் பருமனிலும் கவனம் வேண்டும். 6 மில்லிமீட்டர் தண்டும் கால் அங்குலத் தண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கால் அங்குலப் பிடிக்குள் 6 மில்லிமீட்டர் தண்டைச் செருகினால் ஓடும்போது நழுவி வெளியே வரும். அரை அங்குலத்துக்கும் 12 மில்லிமீட்டருக்கும் இதே கதை.

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்த இரண்டு ரூட்டரும் எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு. இணையப் பெட்டியின் பெயர் பாதை என்ற பொருளுடைய ‘ரூட்’ என்பதிலிருந்து வந்தது. அதன் மூலம் இலத்தீனில் ‘ருப்டா’, அதாவது உடைத்துத் திறந்த வழி. தச்சுக் கருவியின் பெயரோ ‘ரவுட்’ என்ற வினையிலிருந்து வந்தது. பன்றி மூக்கால் மண்ணைக் கிளறுவதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த ‘வ்ரோட்டன்’ என்ற சொல்லின் வழித்தோன்றல் அது. பன்றியின் மூஞ்சிக்கும் யானையின் துதிக்கைக்கும் ஜெர்மானியர் சொல்லும் ‘ருஸ்ஸல்’ இதே குடும்பம். பிரிட்டனில் உச்சரிப்பே இரண்டையும் பிரித்துவிடும்: இணையத்துக்கு ‘ரூட்டர்’, மரத்துக்கு ‘ரவுட்டர்’. அமெரிக்கர்கள் இரண்டையும் பெரும்பாலும் ‘ரவுட்டர்’ என்பார்கள். நம் ஊரில் தலைகீழ். இரண்டுமே ‘ரூட்டர்’ ஆகிவிட்டது. மரக்கருவியை ‘ரவுட்டர்’ என்று சொல்லும் பழைய ஆட்கள் யாராவது இருந்தால் அவர்கள் சொல்வதே சரி.

பன்றி கிளறுவதைச் சொல்ல நமக்குப் பஞ்சமா என்ன? புறநானூற்றின் 168ஆம் பாட்டில் ‘கொழுங்கிழங்கு மிளிரக் கிண்டி’ என்று ஒரு வரி வருகிறது. காந்தள் கிழங்கு மண்ணுக்கு மேலே தெரியும்படி காட்டுப்பன்றிக் கூட்டம் கிண்டிப்போட்ட புழுதியில், குறவர்கள் தனியாக உழாமலே தினை விதைப்பதைச் சொல்கிறது பாட்டு. ‘கேழல் உழுத பூழி’ என்று பன்றியின் வேலையையே உழவாக்கிவிடுகிறார் புலவர். சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி போட்டவர்களிடம் இந்தப் பாட்டைச் சொல்லிப் பாருங்கள். பன்றிக்கு இவ்வளவு மரியாதையா என்பார்கள். பொருளை அப்படியே எடுத்தால் ரூட்டருக்கு ‘கிண்டி’ என்றே பெயர் வைத்துவிடலாம். மூக்கு வைத்த செம்புக்கும் சென்னையில் ஓர் இடத்துக்கும் அந்தப் பெயர் போய்விட்டதால் அதை விட்டுவிடுவோம்.

மின்சாரம் வருவதற்கு முன்பே ஐரோப்பியத் தச்சர்களிடம் ரவுட்டர் இருந்தது. அது ஒரு வகை இழைப்புளி. மரக்கட்டையின் நடுவே ஒற்றை அலகு கீழே நீண்டிருக்கும். முன்பே வெட்டிய காடியின் அடித்தளத்தை ஒரே ஆழத்துக்குச் சுரண்டிச் சமன்செய்ய உதவும். ஆங்கிலேயத் தச்சர்கள் அதை ‘கிழவியின் பல்’ என்று அழைத்தார்கள். ஒற்றைப் பல் மட்டும் வெளியே தெரிவதால் வைத்த பெயர். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைய மின் ரூட்டரை ‘தெஃபோன்சேஸ்’ என்கிறார்கள். அடியை உடைத்தெடுப்பது என்று பொருள். ஜெர்மன் பெயரான ‘ஓபர்ஃப்ரேஸ’, மேலிருந்து வெட்டுவது என்கிறது. வெட்டும் வேலையிலிருந்துதான் எல்லாரும் பெயர் எடுத்திருக்கிறார்கள், வழியிலிருந்தோ திசையிலிருந்தோ யாரும் எடுக்கவில்லை.

மின் ரூட்டர் பரவியதற்கு அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரத்து ஆர்.எல். கார்ட்டரைக் காரணமாகச் சொல்வார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில், முடிவெட்டும் மின்கருவியின் பற்சக்கரம் ஒன்றை வெட்டும் அலகாகத் தீட்டி, ஒரு மோட்டாரில் பொருத்திப் பார்த்தாராம். அவருடைய தொழிலை 1929இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது.

ரூட்டருக்கு ஓர் அண்ணன் உண்டு. கனமான இரும்பு மேசை, மேசைக்கு அடியிலிருந்து மேலே எழும் செங்குத்துத் தண்டு, தண்டின் தலையில் உள்ளங்கை அகல வெட்டுத்தலை. மரத்தைக் கையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இதன் பெயர் ‘ஸ்பிண்டில் மோல்டர்’. பெரிய கதவுப் பட்டறைகளில் மீட்டர் கணக்கில் பீடிங் (மெல்லிய விளிம்புப் பட்டி) ஓட்டவும், கதவுப் பலகைகளுக்கு விளிம்புச் சரிவு எடுக்கவும் இதற்கு ஈடு இல்லை. ரூட்டரைவிட மெதுவாகச் சுற்றும், பெரும்பாலும் 3,000 முதல் 10,000 சுற்றுக்குள். ஆனால் தலை பெரியது, மோட்டார் வலுவானது. மரவேலை இயந்திரங்களில் விரல்களுக்கு அதிக ஆபத்தானவற்றில் இதுவும் ஒன்று. அமெரிக்கர்கள் இதை ‘ஷேப்பர்’ என்பார்கள். சேலத்தில் ஐ.டி.ஐ. படித்த எவரிடமும் ஷேப்பர் என்றால் வேறொன்றைக் காட்டுவார்: முன்னும் பின்னும் போய்வந்து இரும்பைச் சீவும் இயந்திரம். ஆகவே அமெரிக்கக் காணொளி பார்த்துவிட்டு ‘ஷேப்பர்’ விலை விசாரிப்பவர்கள் எந்த ஷேப்பர் என்று தெளிவாகச் சொல்வது நல்லது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஸ்பிண்டில் மோல்டருக்கு வைத்த பெயர் ‘தூப்பி’, அதாவது பம்பரம். எனக்கு மிகப் பிடித்த பெயர் இதுதான். ஸ்பிண்டிலுக்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது: கதிர். நூற்பாலைகள் நிறைந்த இந்தச் சேலம் மாவட்டத்தில் கதிர் என்றால் நூல் சுற்றும் தண்டு என்று பலருக்கும் தெரியும். ‘கதிருளி’ என்று சொல்லிப் பார்த்தால் காதுக்கு அழகாகத்தான் இருக்கிறது. கதிருக்குக் கதிர்வீச்சு என்ற பொருளும் ஏறிவிட்டதால் லேசர் வெட்டி என்று நினைத்துவிடுவார்கள். ‘கதிர்மேசை’ பாதுகாப்பு, மேசையும் தண்டும் சேர்ந்ததுதானே அந்த இயந்திரம்.

பேனல், மோல்டிங் என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட முடியாது, இந்த இயந்திரங்கள் பிறந்ததே அவற்றுக்காகத்தான். பேனல் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் துணியைக் குறித்த ‘பன்னுஸ்’. துண்டுத்துணி என்பதிலிருந்து சட்டத்துக்குள் பதியும் துண்டுப்பலகை ஆயிற்று. தறிச்சத்தம் கேட்கும் அம்மாபேட்டைக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். தமிழில் ‘இடைப்பலகை’ என்றால் போதும்: இரண்டு நெடுஞ்சட்டம், குறுக்குச் சட்டங்கள், அவற்றின் இடையே பலகை. பலகையின் விளிம்பைச் சரித்து மெலிதாக்கி, சட்டத்தின் காடிக்குள் விடுவார்கள். அங்கே பசை போடக்கூடாது. மரம் ஈரத்தை வாங்கினால் இழைக்குக் குறுக்காக விரியும், காய்ந்தால் சுருங்கும்; அதற்கு இடம் விட வேண்டும். சேலத்தின் சித்திரை வெயிலில் காடிக்குள் இறுக்கமாகப் பொருத்திய கதவை, ஐப்பசி மூடுபனியில் ஏற்காட்டுக்கு ஏற்றிப் பாருங்கள். பலகை உப்பிச் சட்டத்தின் மூட்டையே விரித்துவிடும். 1,500 மீட்டர் உயரம் என்பது சுற்றுலாப் பயணிகளுக்குக் குளிர், தச்சருக்கு மரத்தின் அளவு மாறும் இடம்.

ஏற்காட்டில் வேறொரு பாடமும் உண்டு. காபித் தோட்டங்களில் நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் நட்டிருக்கும் சில்வர் ஓக், பெயரில்தான் ஓக். கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, ஓக்குக்குச் சொந்தமே இல்லாத மரம். சரியான கோணத்தில் அறுத்தால் பலகை முகத்தில் மினுமினுக்கும் திட்டுகள் தெரியும். ‘ஓக்’ என்ற பெயர் அதனால் வந்தது. எந்த மரமானாலும் ஒரே இழுப்பில் ஆழமாக வெட்டினால் விளிம்பு பிய்யும். இரண்டு மூன்று தடவையாக ஆழத்தைக் கூட்ட வேண்டும். பலகையின் நான்கு பக்கமும் ஓரம் எடுப்பதானால் இழை வெட்டுப்படும் முனைகளை முதலில் முடித்துவிட்டு நீளவாக்குப் பக்கங்களைப் பிறகு எடுப்பார்கள். முனையில் பிய்ந்தது நீளவாக்கு வெட்டில் போய்விடும். வெளிவிளிம்பில் கை ரூட்டரை இடஞ்சுழியாகவும், உள்ளே வெட்டிய ஓட்டையின் ஓரத்தில் வலஞ்சுழியாகவும் நகர்த்த வேண்டும். மாற்றி நகர்த்தினால் அலகு மரத்தைக் கவ்விக்கொண்டு இயந்திரத்தையே இழுத்துக்கொண்டு ஓடும்.

மோல்டிங்கை ‘வார்ப்பு’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உருக்கி ஊற்றுகிற வேலையோடு குழப்பிக்கொள்கிறார்கள். மரத்தில் எதையும் வார்ப்பதில்லை. அச்சொல் இலத்தீனின் ‘மோடுலுஸ்’, சிற்றளவு, என்பதிலிருந்து வந்தது. விளிம்பில் ஓடும் இந்த வளைவுகளுக்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை, ஸ்தபதிகளிடம் வாங்கிக்கொள்ளலாம். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் சிற்பத்தைப் பார்த்த கையோடு எந்தச் சன்னிதியின் அதிட்டானத்தையும், அதாவது அடிப்பீடத்தையும், கொஞ்சம் குனிந்து பார்க்கலாம். அதிட்டான உறுப்புகளுக்கு ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று வரிசையாகப் பெயர் உண்டு. அரைவட்டமாகப் புடைத்திருந்தால் விருத்த குமுதம், பட்டை தீட்டியதுபோல் மூன்று முகமாக இருந்தால் முப்பட்டைக் குமுதம், உள்வாங்கிய பகுதி கண்டம், தாமரை இதழின் நெளிவு பத்மம், வெளியே வளைந்து கவிழ்ந்தது கபோதம். கடையில் ‘ஓஜி பிட்டு’ என்று கேட்டு வாங்கும் அலகு எடுத்துத் தருவது ஏறக்குறைய பத்ம நெளிவைத்தான். ‘பத்ம அலகு’ என்றால் தம்மம்பட்டியில் வாகை மரத்தில் சாமி சிலை செதுக்குகிறவருக்கு விளக்கம் தேவைப்படாது.

கடைசியாக ரூட்டருக்கே வருவோம். ‘குடைவி’ என்று சிலர் சொல்லக்கூடும், பொருள் சரி. ஆனால் தச்சர்கள் தங்கள் கருவிக்குப் பெயர் வைத்த முறை வேறு. இழைப்பதற்கு உளி, ‘இழைப்புளி’. சீவுவதற்கு உளி, ‘சீவுளி’. அந்த வரிசையில் ரூட்டர் ‘குடைவுளி’ ஆகும். இந்தச் சொல்லைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். விளிம்பு எடுப்பது குடைவதாகுமா என்று கேட்கலாம். ஆங்கிலப் பன்றியும் விளிம்பு எடுப்பதில்லை; தலையாய வேலையின் பெயர் மற்ற வேலைகளுக்கும் போதும். கையில் பிடித்து ஓட்டுவது கைக்குடைவுளி, மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டியது மேசைக் குடைவுளி, சி.என்.சி. ரூட்டர் கணினிக் குடைவுளி. பிட்டுக்கு ‘அலகு’ ஏற்கெனவே இருக்கிறது. மரம் விலகாமல் அணைத்துப்போகும் ஃபென்ஸை ‘வேலி’ என்று எழுதாமல் ‘அணைகட்டை’ என்று எழுதலாம்.