வாசல் காற்றை வானத்திலிருந்து அளப்பது

1992 ஆகஸ்ட் 24 அதிகாலை ஃபுளோரிடாவின் தென்கோடியில் கரையேறிய ஆண்ட்ரூ சூறாவளியை நான்காம் வகைப் புயல் என்று பதிவு செய்தார்கள். காற்று மணிக்கு 230 கி.மீ. அதே ஆண்ட்ரூவை 2002இல் ஐந்தாம் வகைக்கு உயர்த்தினார்கள். காற்று 270 கி.மீ. ஆகிவிட்டது. அடித்து ஓய்ந்த புயலுக்குப் பத்து வருடம் கழித்து எப்படி வேகம் கூடும்?

கூடவில்லை. ஒரு பெருக்கல் கணக்கு மாறியது, அவ்வளவுதான். ஆண்ட்ரூவுக்குள் பறந்த விமானம் சுமார் 3 கி.மீ. உயரத்தில் அளந்த காற்று மணிக்கு 300 கி.மீ. அந்த அளவில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் 3 கி.மீ. உயரத்தில் யாரும் குடியிருப்பதில்லையே. கூரையைப் பிய்ப்பது தரையை ஒட்டி வீசும் காற்று. புயலின் வகையைத் தீர்மானிப்பதும் 10 மீட்டர் உயரத்துக் காற்றின் ஒரு நிமிடச் சராசரிதான். மேலே 300 என்றால் கீழே எவ்வளவு? முக்கால் பங்கும் கொஞ்சமும் என்று அன்றைக்குக் கணித்தார்கள், 230 வந்தது. வலுத்த புயலில் அது 90 சதவீதம் என்று பிறகு தெரிந்தது, 270 வந்தது.

அந்த 90 சதவீதத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு அட்டைக் குழாய். அதற்கு அப்புறம் வருவோம்.

செயற்கைக்கோள் இருக்கும் காலத்தில் புயலுக்குள் எதற்காக ஆளை அனுப்ப வேண்டும் என்று கேட்கலாம். செயற்கைக்கோளுக்குத் தெரிவது பெரும்பாலும் மேகத்தின் மேல்தளம். மேகம் எப்படிச் சுருண்டிருக்கிறது, உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, புயலின் நடுவிலுள்ள கண் எவ்வளவு தெளிவாகத் திறந்திருக்கிறது என்று பார்த்து, வெர்னான் டுவோராக் 1970களில் வகுத்த முறைப்படி காற்றின் வேகத்தை மதிப்பிடுகிறார்கள். கூரைமேல் எழும் புகையை வைத்து அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. அனுபவசாலி சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வங்கக்கடல் புயல்களுக்கு நாம் நம்பியிருப்பது இந்த முறையையும், கரையோர ரேடார்களையும், மிதவைகளையும்தான். புயலுக்குள் வாடிக்கையாகப் பறக்கும் விமானம் நம்மிடம் இல்லை. அட்லாண்டிக்கில் உண்டு.

இந்த வழக்கம் தொடங்கியது ஒரு பந்தயத்தில். 1943 ஜூலை 27 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் பக்கம் ஒரு சூறாவளி வந்துகொண்டிருந்தது. பிரையன் விமானத்தளத்தில் பயிற்சி பெற வந்திருந்த பிரிட்டிஷ் விமானிகள், தங்களுக்குக் கொடுத்த ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானம் லாயக்கில்லை என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்றுநர் ஜோசப் டக்வொர்த்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘இதே விமானத்தில் புயலுக்குள் போய் வருகிறேன், பார்’ என்று ரால்ஃப் ஓஹேர் என்பவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கண்ணுக்குள் புகுந்து பத்திரமாகத் திரும்பியும் வந்தார். தளத்தின் வானிலை அதிகாரி ‘என்னை விட்டுவிட்டீர்களே’ என்று ஆதங்கப்பட, அவரையும் ஏற்றிக்கொண்டு அன்றே இன்னொரு முறை போனார்.

இப்போது அது இரண்டு அமைப்புகளின் அன்றாட வேலை. அமெரிக்க விமானப்படை ரிசர்வின் 53ஆவது படைப்பிரிவு மிசிசிப்பியிலிருந்து கிளம்புகிறது. அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகம், சுருக்கமாக நோவா, ஃபுளோரிடாவின் லேக்லேண்டிலிருந்து கிளம்புகிறது. நோவாவிடம் இருப்பவை 1970களில் கட்டிய பி-3 ஒரையன் விமானங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் விசிறி வைத்த நான்கு எஞ்சின்கள். கெர்மிட் (தவளை), மிஸ் பிக்கி (பன்றி) என்று தொலைக்காட்சிப் பொம்மைகளின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். புயலுக்குள் போகிற விமானத்துக்குத் தவளைப் பெயர் வைக்கிறவர்களை எனக்கு உடனே பிடித்துப்போனது.

அவ்வளவு காற்றில் விமானம் ஏன் உடைவதில்லை? ஆற்றில் போகும் ஓடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஓடமும் அதோடு சேர்ந்தே நகர்கிறது. விமானமும் அப்படித்தான், காற்றுக்குள் மிதந்து போகிறது. ஒரே சீராக வீசும் காற்று எத்தனை பலமாக இருந்தாலும் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும், உடைக்காது. வட அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மையத்தை நோக்கிப் போகிறவருக்குக் காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். அதனால் விமானி மூக்கை இடப்பக்கம் திருப்பிவைத்து நண்டு போலச் சாய்வாக ஓட்டுவார்.

ஆபத்து காற்றின் வேகத்தில் இல்லை, அது சட்டென்று மாறுவதில் இருக்கிறது. கண்ணைச் சுற்றி நிற்கும் மேக வளையமான கண்சுவரில் ஓரிடத்தில் காற்று மேலே தூக்கும், அடுத்த சில நொடிகளில் கீழே அழுத்தும். அந்த நேரத்தில் விமானம் மிக வேகமாகப் போனால் குலுக்கல் இறக்கைக்கு ஆகாது. மிக மெதுவாகப் போனால் தூக்குவிசை போய்விடும். மணிக்கு 390 கி.மீ.யை ஒட்டியே வேகத்தை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஒருவர் திசையைப் பிடித்திருக்க, மற்றவர்கள் எஞ்சின்களின் விசையைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருப்பார்கள்.

தரைக்காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் தாழப் பறந்தால் ஆயிற்றே? அதையும் செய்து பார்த்தார்கள். 1989 செப்டம்பர் 15 அன்று பார்படோஸுக்குக் கிழக்கே ஹியூகோ புயலுக்குள் கெர்மிட் வெறும் 450 மீட்டர் உயரத்தில் நுழைந்தது. எதிர்பார்த்ததைவிடப் புயல் மிகவும் வலுத்திருந்தது. கண்சுவரில் ஒரு எஞ்சின் தீப்பிடித்தது. அதை அணைத்துவிட்டு மூன்று எஞ்சின்களோடு எப்படியோ கண்ணுக்குள் வந்து விழுந்தார்கள். உள்ளே அமைதி, சுற்றிலும் மேகச் சுவர். எரிபொருளைக் கொட்டி எடையைக் குறைத்து, வட்டமடித்தே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினார்கள். அதே புயலில் பறந்துகொண்டிருந்த விமானப்படை விமானம் கண்ணுக்குள் இறங்கிவந்து கெர்மிட்டை வெளியிலிருந்து பார்த்துச் சேதம் எவ்வளவு என்று சொன்னது. பிறகு சுவர் பலவீனமாக இருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்து வழிகாட்டியது. அதற்குப் பிறகு வலுத்த புயலின் கண்சுவரை அவ்வளவு தாழ்வாகப் பறந்து யாரும் கடப்பதில்லை.

ஆக, அளக்க வேண்டிய இடத்துக்குப் போக முடியாது. போகாமலே அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விமானத்துக்குள் இருக்கும் கருவிகளில் பாதி இந்த ஒரு தலைவலிக்காகத்தான்.

இப்போது அந்தக் குழாய். டிராப்சோண்ட் என்று பெயர். முழங்கை நீளம்கூட இருக்காது, எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. உள்ளே அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் அளக்கும் உணரிகள், ஒரு ஜிபிஎஸ், ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி. தலையில் குட்டிப் பாராசூட். விமானத்தின் அடிப்பக்கத் துளைவழியாக இதை வெளியே தள்ளிவிடுகிறார்கள். ‘புசுக்’ என்று போய்விடும். 3 கி.மீ. விழுவதற்குச் சுமார் 4 நிமிடம் ஆகும். அதுவரை வினாடிக்குச் சில தடவை தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகும்.

இதில் காற்றாடியோ விசிறியோ கிடையாது. காற்று தள்ளுகிற பக்கம் குழாய் போகிறது. எவ்வளவு தூரம் தள்ளப்பட்டது என்று ஜிபிஎஸ் சொல்கிறது. அந்த நகர்வே காற்றின் வேகம். 250 கி.மீ. காற்றில் விழும் குழாய் அந்த 4 நிமிடத்தில் பக்கவாட்டில் ஏறக்குறைய 16 கி.மீ. போய்விடுகிறது. கீழே இறங்குவதைவிடச் சுற்றுவதுதான் அதிகம்! கடைசியில் கடலில் விழுந்து மூழ்கிவிடும். யாரும் தேடப் போவதில்லை.

1997 முதல் இப்படி நூற்றுக்கணக்கில் போட்டுப் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவானது. கண்சுவரில் காற்று மிகப் பலமாக இருப்பது விமானம் பறக்கும் உயரத்தில் அல்ல, கடலுக்கு மேலே ஏறத்தாழ அரை கிலோமீட்டரில். அதற்குக் கீழே அலைகளோடு உரசிக் கொஞ்சம் வேகம் இழக்கிறது. கூட்டிக் கழித்தால் 3 கி.மீ. உயரத்துக் காற்றில் சுமார் 90 சதவீதம் கடல்மட்டத்தில் மிஞ்சுகிறது. ஆண்ட்ரூவை மறுபடி கணக்குப் போட்டது இதை வைத்துத்தான்.

கண்ணின் நடுவிலும் ஒன்று போடுவார்கள். அது கடலைத் தொடும்போது காட்டும் அழுத்தம்தான் புயலின் மைய அழுத்தம். குழாய் நட்டநடுவில் விழுந்ததா, தள்ளி விழுந்ததா என்று எப்படித் தெரியும்? நடுவில் காற்றே இருக்கக் கூடாது. விழுந்த இடத்தில் 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) காற்று பதிவாகியிருந்தால், வந்த அழுத்தத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கலைக் கழித்துவிடுவார்கள். 20 நாட் என்றால் இரண்டு. இவ்வளவு பெரிய விஞ்ஞானத்துக்கு நடுவே மளிகைக்கடைக் கணக்கு மாதிரி ஒரு விதி. இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

குழாய் ஓரிடத்து நிலவரத்தைத்தான் சொல்லும். விமானம் போகிற வழியெல்லாம் கீழே காற்று எப்படி என்று அறிய இன்னொரு தந்திரம் இருக்கிறது: நுரை. காற்று கூடக் கூடக் கடல் வெளுத்துப்போகிறது. நுரை படிந்த கடல், வெறும் கடலைவிட அதிக மைக்ரோவேவ் கதிர்களை வெளியிடுகிறது. கீழ்நோக்கி வைத்த கருவி அந்தக் கதிர்வீச்சை அளந்து காற்றைக் கணிக்கிறது. இடையில் மழை பெய்கிறதே, அதுவும் கதிர் வீசுமே? வீசும். ஆனால் மழையின் கதிர்வீச்சு அலைவரிசைக்கு அலைவரிசை நன்றாக மாறும். நுரையுடையது அவ்வளவாக மாறாது. ஆறு அலைவரிசைகளில் அளந்து ஒப்பிட்டால் மழை வேறு, நுரை வேறு என்று பிரித்துவிடலாம். மிகமிக வலுத்த காற்றில் இந்தக் கருவி கொஞ்சம் கூட்டிச் சொல்வது அண்மையில் தெரியவந்திருக்கிறது. அதனால் முன்கணிப்பாளர்கள் குழாய் சொல்வதோடு ஒப்பிட்டே எடுத்துக்கொள்கிறார்கள். பி-3இன் வாலில் ஒரு டாப்ளர் ரேடாரும் உண்டு. மழைத்துளிகளின் ஓட்டத்தை வைத்து புயலின் முப்பரிமாணக் காற்றை வரைந்து கணினி மாதிரிகளுக்கு அனுப்பும்.

ஒரு தடவை கண்ணைக் கடந்தால் போதாது. எதிரெதிர்த் திசைகளிலிருந்து திரும்பத் திரும்பக் குறுக்கே போகவேண்டும். எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். யார் எத்தனை முறை கடந்தார்கள் என்று கணக்கு வைப்பார்கள். ரேடார் விஞ்ஞானி பீட்டர் டாட்ஜ் 386 முறை கடந்தவர். 2023இல் இறந்தார். 2024 அக்டோபரில் மில்டன் புயல் ஃபுளோரிடாவை நோக்கி வந்தபோது, அவருடைய சாம்பலை ஒரு பி-3 மில்டனின் கண்ணுக்குள் தூவியது. அன்றைய வானிலைச் செய்திக் குறிப்பில் அதை 387ஆவது என்று எழுதினார்கள்.

புயல் கரையை நெருங்க நெருங்கத்தான் பறப்பது அவசியமாகிறது. எந்த ஊரைக் காலி செய்வது என்பதை முடிவு செய்ய அப்போதுதான் நேரம் குறைவு. 2022 செப்டம்பர் 28 காலை, இயன் புயல் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையை எட்டச் சில மணி நேரமே இருந்தது. கெர்மிட் உள்ளே இருந்தது. ஹியூகோவில் தப்பித்த அதே கெர்மிட். விமானத்துக்குள் படுக்கைகள் கழன்று விழுந்தன, காப்பி எங்கும் சிதறியது, பக்கவாட்டில் இப்படி ஆட்டியதே இல்லை என்று உள்ளே இருந்த பொறியாளர் ஒருவர் வீடியோவோடு எழுதினார். அன்றைக்கே பி-3இன் ஏவுகுழாய்வழியாக ஒரு சிறிய ஆளில்லா விமானத்தையும் இயனுக்குள் விட்டார்கள். அது விழுந்து முடிந்துபோகும் பொருள் அல்ல. ஆட்களோடு போகமுடியாத அந்தத் தாழ்ந்த அடுக்கிலேயே பறந்துகொண்டிருக்கும்.

ஆனால் புயல் நிலத்தைத் தொட்டதும் இவ்வளவு ஏற்பாடும் கண்ணை மூடிக்கொள்கிறது. ஊருக்கு மேலே குழாயைப் போட முடியாது, யார் தலையில் விழுமோ. நுரை பார்க்கும் கருவிக்கு நிலத்தில் நுரை இல்லை. ஆழம் குறைந்த கரையோரக் கடலில்கூட உடையும் அலைகள் அதை ஏமாற்றிவிடும். விமானம் கடல் பக்கத்துப் பாதியில் அளந்துகொண்டிருக்கும்போது, நிலத்தின் பக்கத்துக் காற்றைத் தரைக் கருவிகள்தான் சொல்ல வேண்டும். அவையும் காற்று உச்சத்தைத் தொடும் நேரமாகப் பார்த்து உடைந்துபோகும், அல்லது மின்சாரம் போய் நின்றுவிடும். ஆண்ட்ரூ வந்த அன்று, அதைக் கண்காணித்துக்கொண்டிருந்த தேசியச் சூறாவளி மையமே கோரல் கேபிள்ஸ் நகரில் புயலின் பாதையில்தான் இருந்தது. அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் வைத்திருந்த ரேடாரைக் காற்று பிடுங்கி எறிந்துவிட்டது.