எம்.ஆர். தடுப்பூசி: ஒரே ஊசியில் இரண்டு நோய்க்குத் தடுப்பு

குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒன்பதாம் மாதத்துக்கு நேராக ‘எம்.ஆர்-1’ என்று இருக்கும். எம் என்பது மீசில்ஸ், அதாவது தட்டம்மை. மணல்வாரி என்றும் சொல்வோம். ஆர் என்பது ருபெல்லா. 9 மாதம் முடிந்ததும், 12 மாதத்துக்குள் முதல் தவணை. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை எங்கும் இலவசம். தவறிவிட்டால் 5 வயதுக்குள் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

“பையனுக்கு ருபெல்லா ஊசி எதுக்கு?” என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ருபெல்லா குழந்தைக்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்துபோய்விடும். ஆனால் கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்தில் தொற்றினால், பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு வரலாம். அந்தக் கிருமியைப் பையனும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். அதனால்தான் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவில் இந்த ஊசிக்கான முகாம் தொடங்கியபோது, 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டார்கள்.

சரி, இரண்டு மருந்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் ஆயிற்றா? அவ்வளவு சுலபமில்லை. இரண்டுமே வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ்கள். சேர்ந்து உள்ளே போகும்போது ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கக்கூடும். எதை எந்த அளவில் சேர்ப்பது என்று சோதித்துப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். 1971-இல் அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மேன் குழுவினர் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றையும் ஒரே ஊசியில் கொண்டுவந்தார்கள். பிறகு சின்னம்மையையும் நான்காவதாகச் சேர்த்தபோது, தனி ஊசியில் இருப்பதைவிட அந்த வைரஸைப் பல மடங்கு கூட்டவேண்டியிருந்தது. அந்த நான்கு சேர்ந்த ஊசியை முதல் தவணையாகப் போட்டால் காய்ச்சல் வலிப்பு சற்று அதிகமாக வருவதும் பின்னால் தெரிந்தது. நம் அரசு ஊசியில் பொன்னுக்கு வீங்கி இல்லை. அது வேண்டுமென்றால் தனியார் குழந்தை மருத்துவரிடம் மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது தவணையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. ஒன்பது மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருக்கும் சில குழந்தைகளுக்கு முதல் ஊசி வேலை செய்யாது. அவர்களுக்கு இரண்டாவதுதான் காப்பு.

ஊசி போடும் இடத்தில் கவனித்தால், செவிலியர் குப்பியின்மேல் பேனாவால் மணி குறிப்பதைப் பார்க்கலாம். உலர்ந்த மருந்தை நீர்மத்தில் கரைத்தபின் 4 மணி நேரம்தான் ஆயுள், மீதியைக் கொட்டிவிடவேண்டும். அதற்காக “ஒரு குழந்தைதானே, அடுத்த வாரம் வாங்க” என்று திருப்பி அனுப்பக்கூடாது. ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம்.

சளி, லேசான வயிற்றுப்போக்கு இருந்தாலும் போடலாம். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். ஒரு வாரம் பத்து நாளில் லேசான காய்ச்சலோ தடிப்போ வந்தால் பயம் வேண்டாம், தானாக அடங்கும். காய்ச்சல் அதிகமானாலோ வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். அப்புறம், அட்டையில் அன்றைய தேதியை எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.