நுண்குழல் நிலைப்படுத்தி: சொல் விளக்கம்

மைக்ரோடியூபூல் என்பது உயிரணுவுக்குள் இருக்கும் புரதக் குழல். 'மைக்ரோஸ்' கிரேக்கம், சிறியது என்று பொருள். 'டியூபுலஸ்' இலத்தீன், அதற்கே சின்னக் குழாய் என்றுதான் பொருள். ஆக, சிறுமை இரண்டு முறை வந்துவிட்டது. ஆனாலும் மிகையில்லை, விட்டமே சுமார் 25 நானோமீட்டர்தான்.

தமிழில் நுண்குழாய், நுண்குழல் இரண்டும் எழுதுகிறார்கள். நான் நுண்குழல் பக்கம். குழாய் என்றதும் உள்ளே ஏதோ ஓடுவதாகத் தோன்றும். இங்கே சரக்கு சுமக்கும் புரதங்கள் வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டுதான் நடக்கின்றன.

ஆல்பா, பீட்டா என்ற இரண்டு டியூபுலின் புரதங்கள் இணையாகச் சேர்ந்து, அந்த இணைகள் வரிசையாக ஒட்டி இழையாகின்றன. பெரும்பாலும் 13 இழைகள் பக்கவாட்டில் சேர்ந்தால் ஒரு குழல். அது வளரும், திடீரென்று உதிரும், மறுபடி வளரும். பீட்டா டியூபுலின் ஏந்திவரும் குவானோசின் டிரைபாஸ்பேட் என்ற ஆற்றல் மூலக்கூறு ஒரு பாஸ்பேட்டை இழந்து டைபாஸ்பேட் ஆனதும் இணைகளின் பிடி தளர்வதே உதிர்வுக்குக் காரணம். உயிரணு பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்க இந்த வளர்ச்சியும் உதிர்வும் இரண்டுமே வேண்டும்.

இந்த உதிர்வைத் தடுக்கும் பொருள்தான் நிலைப்படுத்தி. முதலில் தெரியவந்தது டாக்சால். பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டவர்கள் மன்றோ வால், மன்சுக் வானி குழுவினர். யூ மரத்தின் இலத்தீன் பெயர் டாக்சஸ். 'ஆல்' என்ற ஈறு, ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதியைக் குறிக்கிறது. பின்னால் டாக்சால் வணிகப் பெயராகிவிட, மருந்தின் பொதுப்பெயர் பேக்ளிடாக்சல் ஆயிற்று.

செங்காந்தளில் உள்ள கோல்சிசினும், நித்தியகல்யாணியில் கிடைக்கும் வின்பிளாஸ்டினும் குழல் உருவாவதைத்தான் தடுக்கும். டாக்சால் அதற்கு நேர்மாறு என்று 1979-இல் சூசன் ஹார்விட்சின் ஆய்வகம் காட்டியது. குழலின் உட்புறம் பார்த்தபடி பீட்டா டியூபுலினில் ஒரு பள்ளம் இருக்கிறது. டாக்சால் அதில் போய் உட்கார, டைபாஸ்பேட் ஆன பிறகும் பிடி தளருவதில்லை.

அப்புறம், சொராஞ்சியம் என்ற மண் பாக்டீரியாவில் எப்போத்திலோன் கிடைத்தது. உருவத்தில் டாக்சாலுக்குத் தொடர்பே இல்லை, உட்காருவது மட்டும் அதே பள்ளத்தில். பெயரை அதன் அமைப்பில் உள்ள எப்பாக்சைடு, தயசோல், கீட்டோன் என்ற வேதித் தொகுதிகள் மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி ஒட்டியிருக்கிறார்கள்.

நிலைப்படுத்தி என்பது கேட்க நல்லதாக இருக்கிறது. நிலைப்படுவது குழல் மட்டும்தான். உயிரணுவோ பாதிப் பிரிவில் மாட்டிக்கொண்டு பெரும்பாலும் செத்துப்போகிறது. புற்றுநோய்க்கு இது மருந்தாவது அதனால்தான்.