புதுப் புரதம் இல்லையேல் நாளைக்கு நினைவில்லை

வியன்னாவில் 1929இல் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் அமெரிக்கா சேர்ந்தவர், நினைவை ஆராய்ந்த நரம்பியல் அறிஞர் எரிக் காண்டெல். முதலில் பூனை மூளையில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் மின்முனை செருகிப் பார்த்தார். அங்கே இணைப்புகள் ஏராளம்; நினைவு எதில் பதிகிறது என்று பிடிபடவில்லை. அதனால் ஏப்ளீசியா என்ற கடல் நத்தைக்கு மாறினார். அதன் நரம்பணுக்கள் மொத்தமே சுமார் 20,000. சில 1 மி.மீ. அகலம்கூட இருக்கும். ஒரு நத்தையில் பார்த்த அணுவை அடுத்த நத்தையிலும் அதே இடத்தில் தேடி எடுக்கலாம். துணிச்சலான முடிவு, சக ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

நத்தையின் நீர்க்குழலைத் தொட்டால் செவுளை உள்ளிழுக்கும். வாலில் மின்அதிர்ச்சி கொடுத்த பிறகு தொட்டால் இன்னும் பலமாக இழுக்கும். ஒரே அதிர்ச்சி என்றால் சில நிமிடங்களில் மறந்துவிடும். ஒரு நாளைக்கு நான்கு முறை வீதம் நான்கு நாள் கொடுத்தால் வாரக்கணக்கில் மறக்காது.

உள்ளே நடப்பது இது. அதிர்ச்சியால் சுரக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள், தொடுதலை உணரும் நரம்பணுவான உணர்வணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறைக் கூட்டுகிறது. அது புரத கைனேஸ் ஏ நொதியை எழுப்ப, அந்த நொதி அணுச்சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை அடைக்கிறது. மின்துடிப்பு நீள்கிறது, கால்சியம் கூடுதலாக நுழைகிறது, அடுத்த அணுவுக்குச் செய்தி கொண்டுபோகும் குளூட்டமேட் அதிகம் வெளியேறுகிறது. இருக்கும் புரதங்களை வைத்தே இவ்வளவும் நடக்கிறது.

நீண்டகால நினைவைப் பிரித்துப் பார்க்க ஓர் உணர்வணு, தசையை இயக்கும் ஓர் இயக்க அணு இரண்டை மட்டும் தட்டில் வளர்த்தார்கள். ஊட்டநீரில் பாதி நத்தையின் சொந்த இரத்தநீர். வெப்பம் 18 டிகிரி. இணைப்பு உறுதிப்பட ஐந்து நாள். பிறகு, வால் அதிர்ச்சிக்குப் பதிலாக, இடைவெளி விட்டு ஐந்து முறை செரட்டோனின். மறுநாளும் இணைப்பு வலுவாகவே இருந்தது. பயிற்சி நேரத்தில் புரத உற்பத்தியைத் தடுக்கும் அனிசோமைசினைச் சேர்த்தால் குறுகியகால வலு வந்தது, மறுநாள் வலு வரவில்லை. அதே மருந்தைப் பல மணி நேரம் கழித்து ஊற்றினால் நினைவுக்குச் சேதமில்லை. காலம்தான் இங்கே முக்கியம்: மீண்டும் மீண்டும் தூண்டும்போது புரத கைனேஸ் ஏ நொதி உட்கருவுக்குள் போய் கிரெப் என்ற புரதத்தை முடுக்கி, மரபணுக்களை இயக்குகிறது.

அந்தப் புதுப் புரதங்கள் இணைப்புகளைக் கட்டுகின்றன. பயிற்சியில்லா உணர்வணுவில் மற்ற அணுக்களோடு இணையும் முனைகள் சுமார் 1,300. பயிற்சிக்குப் பின் சுமார் 2,700. நினைவு மங்க மங்க, அவையும் உதிர்ந்து 1,500 அளவுக்கு இறங்குகின்றன.