தோட்டத்துச் சாலை சேகரிப்புச் சாலையாகும்போது

சாலைப் போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில். மலேசியாவின் தென் கெடாவில் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, பிறகு துண்டு துண்டாகத் தாமான்களாகிவிட்ட, அதாவது வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட, ஒரு தோட்டப்புற நகரில், பழைய தோட்டத்துச் சாலை ஒன்றை 'ஜாலான் தெம்பாத்தான்' (உள்ளூர்ச் சாலை) என்ற நிலையிலிருந்து 'ஜாலான் பெங்கும்புல்' (சேகரிப்புச் சாலை) என்ற நிலைக்கு உயர்த்தி, முட்டி நின்ற அதன் முனையை அடுத்த தாமானோடு இணைப்பதற்கான ஆய்வில் சில காலம் ஈடுபட்டிருந்தேன். குடியிருப்பாளர்கள் என்னைப் பார்த்த போதெல்லாம் சாலையை எப்போது அகலமாக்குவார்கள் என்றுதான் கேட்டார்கள். வரைபடத்தில் அந்தச் சாலையின் வகையைக் காட்டும் கோட்டின் நிறம் ஏன் மாறியது என்று ஒருவரும் கேட்கவில்லை. தார் ஊற்றும் நாளில் கேட்டுப் பயனில்லாத கேள்வி அது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பொதுப்பணித் துறையின் 8/86 என்ற தொழில்நுட்ப வழிகாட்டி, நகர்ப்புறச் சாலைகளை விரைவுச் சாலை, முதன்மைச் சாலை, சேகரிப்புச் சாலை, உள்ளூர்ச் சாலை என நான்காகப் பிரிக்கிறது. முதன்மைச் சாலையின் வேலை வண்டிகளைத் தடையின்றி ஓடவிடுவது. உள்ளூர்ச் சாலையின் வேலை வீட்டு வாசலுக்குக் கொண்டு சேர்ப்பது. இடையில் நிற்கும் சேகரிப்புச் சாலை இரண்டையும் செய்தாக வேண்டும். தாமானுக்குள்ளிருந்து வரும் வண்டிகளைத் திரட்டிப் பெரிய சாலையில் விடவும் வேண்டும், தன் இருபுறமும் குடியிருப்பவர்களுக்கு வழிவிடவும் வேண்டும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று அதைச் சொல்லலாம். எங்கள் தொழிலில் அதிகச் சண்டை நடப்பதும் இந்த வகைச் சாலையைப் பற்றித்தான்.

நம் தாமான்களில் சேகரிப்புச் சாலை என்றால் பெரும்பாலும் 66 அடி ஒதுக்கு நிலம், அதாவது சாலைக்கென்று ஒதுக்கிய நிலத்தின் அகலம். 66 அடி என்பது பழைய நில அளவையாளரின் ஒரு சங்கிலி நீளம். மீட்டருக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆன பின்பும் அளவையாளர் வாயிலும் குத்தகையாளர் வாயிலும் அந்த எண் உயிரோடு இருக்கிறது. ஆனால், நான் ஆய்வு செய்த சாலை 40 அடி ஒதுக்கில் போடப்பட்டது. அதன் ஒருபுறம் 22 அடி அகல வரிசை வீடுகள். ஒரு வீட்டுக்கு ஒரு வாசல் என்று கணக்கிட்டாலே 100 மீட்டருக்குப் பதினைந்து வாசல்கள் வரும். காலையில் அந்தப் பதினைந்து வாசல்களிலிருந்தும் கார்கள் பின்னோக்கித்தான் சாலைக்கு வருகின்றன. இப்படிப்பட்ட சாலையைச் சேகரிப்புச் சாலை என்று பெயர் மாற்றி, மறுமுனையைத் திறந்து, குறுக்குவழி தேடும் வண்டிகளை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கணினி மாதிரி தேவையில்லை. வீட்டுக்காரர்களே தாரைக் கொட்டிப் பொங்கோல் என்ற வேகத்தடை போட்டுக்கொள்வார்கள்; நகராண்மைக் கழகம் வந்து அதை உடைக்கும்; மறுபடியும் போடுவார்கள்.

அதற்காக இணைப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இணைக்காமல் விட்டதன் கேட்டையும் அதே ஊரில்தான் பார்த்தேன். தோட்ட நிலம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மேம்பாட்டாளர் கைக்குப் போனபோது, ஒவ்வொருவரும் மாநிலச் சாலையிலிருந்து தனக்கென்று ஒரு நுழைவாயிலை வாங்கிக்கொண்டு, உள்ளே சாலைகளை முட்டவிட்டுப் போய்விட்டார்கள். சில இடங்களில் சாலை முடியும் இடத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அகல நிலத்துண்டு தனிப் பட்டாவில் கிடக்கும். பிற்காலத்தில் அடுத்த நிலக்காரர் வழி கேட்டு வரும்போது அந்த ஒரு மீட்டருக்குச் சொல்லப்படும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். விளைவு, லயத்து வீடுகளிலிருந்து தமிழ்ப்பள்ளிக் கூரை கண்ணுக்குத் தெரிகிறது. காரில் போவதென்றால் மாநிலச் சாலைக்கு வெளியேறி, லோரிகளோடு சேர்ந்து ஓடி, சமிக்ஞை விளக்கில் திரும்பி, வேறொரு தாமான் வழியாக நுழைய வேண்டும்.

மக்கள் அப்படிச் சுற்றிப் போகவில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். இது என் பிழை. சந்திப்புகளில் ஆள் நிறுத்தி, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 16 மணி நேரம் வண்டிகளை எண்ணினோம். எண்ணிக்கை ஒழுங்காகத்தான் வந்தது. ஒரு நாள் இருட்டு விலகுமுன் தற்செயலாக அந்த முட்டு முனைக்குப் போனபோது, பெரிய வடிகாலின் குறுக்கே ஒரு பலகை கிடப்பதைக் கண்டேன். பழைய கதவு ஒன்றை அறுத்து, வழுக்காமலிருக்கச் சைக்கிள் டயரைக் கீறி மேலே ஆணியடித்திருந்தார்கள். மணி ஐந்தரைகூட ஆகவில்லை. தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்கப் போகும் பெண்கள் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கடந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கணக்கேட்டில் இவர்களில் ஒருவரும் இல்லை. நேரமும் தவறு, நின்ற இடமும் தவறு.

கணக்கில் வந்திருந்தாலும் முழுதாக வந்திருக்கமாட்டார்கள் என்பது இன்னொரு கொடுமை. சந்திப்பின் கொள்ளளவைக் கணக்கிடும்போது எல்லா வண்டிகளையும் கார் அலகாக மாற்றுகிறோம். அதில் ஒரு மோட்டார் சைக்கிள் ஒரு காரைவிடக் குறைவு, நடந்து போகிறவர் சேர்வதே இல்லை. இடத்தை அடைப்பதைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரியானது. இந்த நாட்டில் சாலையில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை நினைத்தால், அந்தக் கணக்கை மட்டும் வைத்து ஒரு சாலையின் வகையை முடிவு செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

பலகைக்கு அருகே வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மா, பால்வெட்டுக் காலத்திலிருந்து அங்கே இருப்பவர், என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ரோடு பெருசாகட்டும் தம்பி, நல்லதுதான். நாங்க எங்க நின்னு தாண்டுறது, அதக் காட்டுங்க" என்றார். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் 60-க்கு மாறினால் வேகம்தான் இரட்டிப்பாகும். பிரேக் பிடித்த பிறகு அது ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். அகலமான, நேரான, திறந்த சாலை அந்த வேகத்தைத் தானாகவே வரவழைத்துவிடும், வேக வரம்புப் பலகையில் எந்த எண்ணை எழுதி வைத்தாலும்.

சாலை யாருடையது என்பதிலும் ஒரு முடிச்சு உண்டு. சட்டம் 133, அதாவது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், பொதுத் தெரு, தனியார் தெரு என்று பிரித்துப் பேசுகிறது. தோட்டத்துச் சாலைகள் பல இன்னும் தோட்டப் பட்டாவுக்குள்ளேயே கிடப்பவை. ஐம்பது ஆண்டுகளாக எல்லோரும் நடந்தாலும் அவை பொதுத் தெரு ஆகிவிடுவதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 109-ஆவது விதிப்படி மாநிலங்களுக்கு வரும் சாலை மானியமும் மாரிஸ் என்ற சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்கே கணக்கிடப்படுகிறது. ஆகவே நிலம் ஒப்படைக்கப்பட்டுப் பதிவேற்றப்படாத சாலையை வரைபடத்தில் மட்டும் உயர்த்துவது, வண்டியை ஏற்றிவிட்டுக் குழியை யார் மூடுவது என்று சொல்லாமல் போவதற்குச் சமம்.

உங்கள் ஊருக்கு வரைவு உள்ளூர்த் திட்டம், 'ரன்சாங்கான் தெம்பாத்தான்', பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். சட்டம் 172, அதாவது 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். அறிவிக்கப்பட்ட காலத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். நிலப் பயன்பாட்டைக் காட்டும் நிறங்களில் எல்லோருக்கும் கண் போகும். நீங்கள் சாலைப் படத்தைக் கேளுங்கள். உங்கள் வாசல் சாலையின் வகை என்ன, எத்தனை அடி ஒதுக்கு, எந்த முனை எதோடு சேர்கிறது, உங்களுடைய ஒரு சாலை மட்டும் திறக்கிறதா அல்லது பக்கத்துச் சாலைகளும் திறந்து சுமையைப் பங்கிடுகின்றனவா என்று பாருங்கள். ஒரே ஓர் இணைப்பு திறக்கும்போதுதான் அந்தத் தெரு பலியாகிறது. நான்கு சிறிய இணைப்புகள் திறந்தால் எந்தத் தெருவும் நெடுஞ்சாலை ஆவதில்லை. மேம்பாட்டாளரின் போக்குவரத்துத் தாக்க அறிக்கையில் எண்ணிக்கை எடுத்த நாளையும் நேரத்தையும் கேளுங்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நாள் விட்டுப்போயிருந்தால், அதையே ஆட்சேபமாக எழுதலாம்.

எங்கள் ஆய்வில் பரிந்துரையை மாற்றினோம். வீடுகளற்ற, செம்பனை ஓரமாகச் செல்லும் மேற்குப் பாதையைச் சேகரிப்புச் சாலைக்கு ஒதுக்கி, பழைய தோட்டத்துச் சாலையை உள்ளூர்ச் சாலையாகவே விட்டோம். மாரியம்மன் கோயில் ரதம் திரும்பும் சந்திப்பில், நடுத்திட்டின் விளிம்பைச் சக்கரம் ஏறி இறங்கும்படி தாழ்த்தச் சொன்னோம். முதல் வரைவில் ரதம் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும். பலகை கிடந்த இடத்தில் வடிகாலின் மேல் கடக்கும்படி பெட்டி வடிவக் கான்கிரீட் வடிகால் வைத்து, நடப்பவர்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மட்டும் வழிவிட்டு, கார் நுழையாதபடி மூன்று இரும்புக் குழாய்கள் நடப்பட்டன. நடுக்குழாய் இரண்டாம் மாதமே காணாமல் போனது. இப்போது அங்கே சிமெண்ட் நிரப்பிய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று நிற்கிறது. அந்தப் பீப்பாய் எந்த வரைபடத்திலும் இல்லை. வைத்தவர் யாரென்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.